கொல்லையில் இரண்டாவது வீடு

ஆர்லிஸ் ட்வெய்ட்டுக்கு இரண்டு வேலை. ஹெல்கா லேக் ஊரின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுவது ஒன்று. அதே ஊரின் நகரசபையில் கவுன்சிலராக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வது இன்னொன்று. எது கஷ்டம் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டாள்.

"பஸ்ஸுல ஒரு பட்டாளமே ஏறும். கத்துவாங்க, அடிச்சுக்குவாங்க, ஒருத்தன் தலையில ஒருத்தன் பபிள்கம் ஒட்டுவான். ஆனா உட்காருன்னா உட்காருவாங்க. சபையில என்னோட சேர்த்து அஞ்சே பேரு. எவனாவது சொன்ன பேச்சு கேக்கறானா?"

அவள் சபைக்கு வந்ததே கோபத்தில்தான். பள்ளிக்கூட முக்கில் வண்டிகள் நின்று போக ஒரு 'நில்' பலகை வேண்டும் என்று கேட்கப் போனாள். ஆராய ஒரு குழு போடுகிறோம் என்றார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்று முடிவு செய்ய இன்னொரு குழு போட்டார்கள். அட போங்கடா என்று அவளே தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். அப்புறமும் அந்தப் பலகை வர நாலு வருஷம் ஆனது. இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் அதில் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கதை போலீஸ் விஷயம். ஊருக்கு ஆறு போலீஸ்காரர்கள் இருக்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் பெரிய நகரத்துக்குப் போனார், ஒருவர் போலீஸ் வேலையே வேண்டாம் என்று கூரை போடும் வேலைக்குப் போய்விட்டார். மிஞ்சியது மூன்று பேர். அவர்களும் தூங்க வேண்டுமே. அதனால் விடியற்காலை நேரத்தில் ஊரில் காக்கி என்று ஒன்று கிடையாது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் மாவட்டப் போலீஸ் பனியில் சறுக்கிக்கொண்டு எப்போதோ வரும்.

போன நவம்பரில் அப்படித்தான் ஆனது. பெட்ரோல் பங்க் கடையில் தனியாக நின்ற வான்டாவை ஒருவன் அடித்து, கையை முறித்து, சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனான். வான்டா தரையில் கிடந்தபடியே போன் செய்தாள். போலீஸ் வந்து சேர்வதற்குள் காலை காபிக்கு வருகிற பால்வண்டிக்காரன் வந்துவிட்டான். அவன்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் வான்டா வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசமாட்டாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்லிஸையே பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் ஆர்லிஸ்தான் அவளிடம் சொன்னவள்: "ராத்திரி கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் போடாம விடமாட்டேன், வான்டா." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள்.

ஆள் கிடைக்காமல் இல்லை. விளம்பரம் போட்டால் வந்தார்கள். ஊரைப் பார்த்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், நல்லா இருக்கு என்றார்கள். பிறகு ஒரே கேள்வி: "குடியிருக்க வீடு எங்கே?" போலீஸ்காரர் ஊர் எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்பது ஊரின் விதி. எல்லைக்குள் வாடகைக்கு ஒரு வீடு கூட இல்லை என்பது ஊரின் நிலவரம். ஏனென்றால் ஒரு மனையில் ஒரு வீடுதான் கட்டலாம் என்பது ஊரின் இன்னொரு விதி. வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லை எவ்வளவு பெரிசு தெரியுமா? குதிரை கட்டி ஓட்டலாம். அங்கே சின்னதாய் இன்னொரு வீடு கட்ட அனுமதி கொடுங்கள் என்றால் டுவேன் ஹாகனுக்கு ரத்தம் கொதிக்கும். டுவேன் படகு விற்கிறவன், கவுன்சிலர், ஆர்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். "போலீஸ் எங்கே, போலீஸ் எங்கே" என்று ஊரிலேயே அதிகம் கத்துகிறவனும் அவன்தான். அவனுடைய கொல்லையில் இரண்டு படகு, மூன்று பனிவண்டி, போதாததற்கு உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிற குடில் இரண்டு. குடிலுக்குள் அடுப்பு, கட்டில், டிவி எல்லாம் உண்டு.

"ஏன்டா டுவேன்," என்று ஆர்லிஸ் ஒருநாள் தெருவில் வைத்தே கேட்டாள், "மீனுக்காகக் காத்துக்கிடக்க ரெண்டு வீடு வெச்சிருக்க. மனுஷன் குடியிருக்க ஒண்ணு கட்டினா உனக்கு எங்க வலிக்குது?"

"அது வேற, இது வேற. குடிலுக்குச் சக்கரம் இருக்கு."

"உன் மூளைக்கும் சக்கரம் இருக்கு. எங்கயோ உருண்டு போயிடுச்சு."

ஆர்லிஸ் அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தாள். போலீஸுக்கு ஆள் எடுப்பதையும், கொல்லையில் இரண்டாவது வீட்டுக்கு அனுமதி கொடுப்பதையும் ஒரே தீர்மானமாகக் கட்டினாள். போலீஸ் வேண்டுமா, வீட்டுக்கும் கை தூக்கு. வீடு வேண்டாமா, போலீஸ் வேண்டாம் என்று ஊர் முன்னால் சொல். இனி எங்கே ஓடுவான் டுவேன் என்று வீட்டுக்கு வந்து கணவன் லாயிடிடம் சொல்லிச் சிரித்தாள். லாயிட் "ம்ம்" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் "ம்ம்"தான். கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அவள்தான் கேட்டாள், அவன் "ம்ம்" என்றான்.

ஜனவரி முதல் கூட்டத்தில் முதல் ஓட்டெடுப்பு. மேயர் ரோலண்ட், மருந்துக்கடை ஸ்டான், ஆர்லிஸ் மூவரும் ஆதரவு. டுவேன் வெட்கமே இல்லாமல் எதிர்த்தான். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற பெக் அம்மாளும் அவனோடு சேர்ந்துகொண்டாள். மூன்றுக்கு இரண்டு. சட்டப்படி இன்னொரு ஓட்டெடுப்பு உண்டு. அதிலும் ஜெயித்தால்தான் அமல். தோற்றால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

அந்த வாரம் மகள் கிர்ஸ்டி போன் செய்தாள். அவள், கணவன் கோடி, ஆறு வயது மகள் ஹேசல் மூவரும் மினியாபொலிஸில் இருக்கிறார்கள். கோடி அங்கே போலீஸ். ஊருக்கு வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று ஆர்லிஸ் வருஷக்கணக்காய்ச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். அன்றைக்குக் கிர்ஸ்டியின் குரல் துள்ளியது.

"அம்மா, உக்காந்துட்டுக் கேளு. கோடி நம்ம ஊர் போலீஸ் வேலைக்கு மனு போட்டுட்டான்! உன்னை அசத்தணும்னு சொல்லாம வெச்சிருந்தோம். அரிசோனாவுல ஒரு வேலை வந்துச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அங்க போறதுக்குப் பதிலா அம்மாகிட்டயே போயிடலாம்னு அவன்தான் சொன்னான். உங்க கொல்லையில ஒரு சின்ன வீடு கட்டிக்கிறோம். இப்பதான் சட்டம் மாறப்போகுதே!"

ஆர்லிஸுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. போனை வைத்துவிட்டு லாயிடைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் ஹேசல் உட்கார்ந்து வருவதாக நினைத்துப் பார்த்தாள். அந்தச் சிராய்த்த முழங்கால், அந்தப் பின்னல், ஓயாத அந்தக் கேள்விகள். மறுநாள் காலையில் பார்த்தால் லாயிட் கொல்லையில் அளவெடுத்து, நாலு மூலைக்கும் பனியில் குச்சி நட்டு, ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தான்.

அப்புறம்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது: சொந்த மருமகனுக்கு ஆதாயமான தீர்மானத்தில் தான் ஓட்டுப் போடக் கூடாதோ? அப்படியும் இருக்குமோ என்று நகரசபை வக்கீலுக்குப் போன் போட்டாள். அப்படித்தான் இருந்தது.

"மருமகன் மனு போட்டிருக்கார், உங்க மனையிலேயே வீடு கட்டப்போறார்னா, நீங்க இந்தத் தீர்மானத்துல ஓட்டுப் போடவே கூடாது. எழுந்து வெளிய போயிடணும்," என்றார் வக்கீல்.

"போலீஸ் விஷயத்துக்கு மட்டும் வெளிய போறேன். வீட்டு விதிக்கு ஓட்டுப் போடறேனே? அது ஊருக்கே பொதுவானதுதானே?"

"தனித்தனியா இருந்தா யோசிக்கலாம். ரெண்டையும் ஒண்ணா யாரோ கட்டி வெச்சிருக்காங்களே."

யாரோ! ஆர்லிஸ் போனை வைத்துவிட்டுத் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள். அவள் வெளியே போனால் இரண்டுக்கு இரண்டு. சமமானால் தோல்வி. டுவேனுக்கு வைத்த கண்ணியில் தானே காலை விட்டு நிற்கிறாளே, இதை எங்கே போய்ச் சொல்வது?

ஒரே வழி பெக் அம்மாள். அவள் மனசு மாறினால் போதும், ஆர்லிஸ் நிம்மதியாக வெளியே போய்விடலாம், மகளும் வருவாள், வான்டாவுக்கும் போலீஸ் வரும். ஆர்லிஸ் கோழிக்கறி போட்டு, மேலே உருளை வறுவல் பரப்பி ஒரு தட்டு நிறைய வேகவைத்து எடுத்துக்கொண்டு போனாள். பெக் காபி ஊற்றினாள். குளிரைப் பற்றிப் பேசினார்கள். போன வருஷக் குளிரைப் பற்றியும் பேசினார்கள்.

"பெக், கொல்லை வீட்டைப் பத்தி மறுபடியும் யோசிச்சியா?"

"யோசிச்சேன், ஆர்லிஸ். ரொம்ப வித்தியாசமான யோசனை."

ஆர்லிஸுக்கு உயிரே போயிற்று. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லிவிடமாட்டார்கள். 'வித்தியாசமா இருக்கு' என்றால் செத்தாலும் மாட்டேன் என்று அர்த்தம்.

"என்னதான் பயம் உனக்கு?"

"பயமெல்லாம் இல்ல. யார் யாரோ வருவாங்க. தெருவுல வண்டியை நிறுத்துவாங்க. பனி அள்ளுற வண்டி எப்படிப் போகும்?"

"போலீஸ்காரங்கதான் வருவாங்க, பெக்!"

"அவங்களுக்கும் வண்டி இருக்குமே." பெக் அன்பாகச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் காபி?"

ஆர்லிஸ் இன்னும் கொஞ்சம் காபி குடித்தாள். வேறென்ன செய்வது, கழுத்தையா நெரிக்க முடியும்?

இரண்டாவது கூட்டத்துக்கு, சபை கூடுகிற தீயணைப்பு நிலைய மாடியில் உட்கார இடமில்லை. வெளியே மூச்சு விட்டால் மீசை உறைகிற குளிர். பின்னால் மேசையில் காபி, பக்கத்தில் பெக் செய்த எலுமிச்சைக் கேக் துண்டுகள். முதலில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒருவர் வாத்துகளைப் பற்றிப் பேசினார். வாத்துக்கும் இன்றைய விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மேயர் கேட்டார். சம்பந்தம் இல்லைதான், மூன்று நிமிஷம் தனக்கு உண்டல்லவா என்றார் அவர். இன்னொருவர் தன் வீட்டில் பனி அள்ளும் கருவி திருடுபோனதையும், போலீஸ் வராததையும் சொல்லி அழாத குறை. கடைசியில், "ஆனா கொல்லை வீடு மட்டும் வேண்டாம்" என்று முடித்தார். கைதட்டல் வேறு. ஆர்லிஸ் மேசைக்கு அடியில் விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்தாள்.

பிறகு அவள் எழுந்து மருமகன் மனு போட்டிருப்பதைச் சபையில் சொன்னாள். தீர்மானத்தை இரண்டாகப் பிரித்துவிடும்படி கேட்டுக்கொண்டாள். டுவேன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்திருந்தது.

"மாண்புமிகு கவுன்சிலர் ட்வெய்ட் அவர்களே கட்டினதை நாங்க எதுக்குப் பிரிக்கணும்? அவங்க புத்திக்கு நாங்க மரியாதை கொடுக்கறோம்."

"மாண்புமிகு ஹாகன் அவர்களே," என்றாள் ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க மரியாதையை உங்க படகுல ஏத்தி வெச்சுக்குங்க."

பிரிப்பதற்கும் ஓட்டெடுத்தார்கள். ஆர்லிஸ் ஓட்டுப் போடமுடியாது. இரண்டுக்கு இரண்டு. தோல்வி. வக்கீல் ஸ்பீக்கர் போனில் இருந்தார். வேறு வழியே இல்லையா என்று மேயர் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு," என்றது போன். "மருமகன் மனுவை வாபஸ் வாங்கணும். கவுன்சிலர் குடும்பத்துல யாரும் இந்த வேலைக்கு வரமாட்டோம், இந்த விதியை வெச்சு வீடு கட்டமாட்டோம்னு உறுதி கொடுக்கணும். அவங்க பதவியில இருக்கிறவரைக்கும், அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும். அப்ப ஓட்டுப் போடலாம்."

முதல் வரிசையில் வான்டா இருந்தாள். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கை நேராகச் சேரவில்லை. காபிக் கோப்பையை இடதுகையால் பிடித்திருந்தாள். அவள் இன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட ஆர்லிஸ் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

மேயரிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு ஆர்லிஸ் மாடிப்படிக்குப் போனாள். கீழே தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. மகளைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"கிர்ஸ்டி?"

"ஆறு வருஷமா வா வான்னு கூப்பிட்டது யாரும்மா?"

"நான்தான்."

"இப்ப வராதேன்னு சொல்றது யாரு?"

"நான்தான்டி. என் தலையெழுத்து, நான்தான்."

"வேற எவனாவது ஓட்டுப் போடட்டுமே! ஒரு ஊருக்கே உன் ஒரு கைதானா?"

"இங்க கேட்டுட்டேன். எல்லாரையும் கேட்டுட்டேன். இன்னிக்கு விட்டா ஒரு வருஷம், கிர்ஸ்டி. அந்தப் பொண்ணு எதிர்லயே உக்காந்திருக்கா. கை கோணிப்போச்சு அவளுக்கு. நான் சொல்லிட்டேன் அவகிட்ட."

"என்கிட்டயும்தான் சொன்ன."

கைப்பிடிக் கம்பி ஐஸாய்க் குளிர்ந்தது. ஆர்லிஸ் விடாமல் பிடித்திருந்தாள். மறுமுனையில் ஹேசல் 'யாரு, யாரு' என்று கேட்கிற குரல் கேட்டது. பாட்டிதான், அப்புறம் பேசலாம் என்று கிர்ஸ்டி சொன்னதும் கேட்டது. பிறகு கோடி போனை வாங்கினான். "நான் எழுதி அனுப்பிடறேன் அத்தை," என்றான். நல்ல பையன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றுக்கு இரண்டு. ஆர்லிஸ் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கை தூக்கியதும் தீர்மானம் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை. வான்டா எழுந்து, கோட்டை ஒரு கையால் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டே ஆர்லிஸிடம் வந்தாள்.

"தேங்க்ஸ் ஆர்லிஸ். ஆனா நடுவுல எதுக்கு அவ்வளவு நேரம்? கடையைப் பாதியில மூடிட்டு வந்திருக்கேன்."

"ஒண்ணுமில்ல. ஒரு போன்."

காபி மேசைக்குப் போனாள். தட்டில் ஒரே ஒரு கேக் துண்டு மிஞ்சியிருந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். பாதி வெட்டி எடுப்பார்கள், அடுத்தவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதில் பாதி. கடைசியில் ஒரு தூள் நின்று அதுவும் குப்பைக்குப் போகும். ஏற்கெனவே ஸ்டான் கத்தியைக் கையில் எடுத்திருந்தார். ஆர்லிஸ் அந்தத் துண்டை முழுசாக எடுத்து, எல்லாரும் பார்க்க, வாயில் போட்டு மென்றாள். பெக் அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். டுவேன்கூடத் திறந்த வாயை மூடவில்லை.

"ரொம்ப வித்தியாசமா இருக்கு, பெக்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

லாயிட் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். வீடு வந்து சேர்ந்தார்கள். கொல்லையில் வண்டி விளக்குப் பட்டதும் நாலு ரிப்பனும் தெரிந்தன.

"பிடுங்கிடு லாயிட். பார்க்க முடியல என்னால."

"பனியிலதான் நட்டேன்," என்றான் அவன். "உருகினா தானா விழுந்துடும்."

பனி உருகுவதற்குள் கிர்ஸ்டி குடும்பம் அரிசோனா போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாள். வெயிலைப் பற்றிச் சொல்கிறாள். ஹேசலுக்குப் பல் விழுந்ததைப் போனில் காட்டினார்கள்.

புது விதியின் கீழ் கொல்லையில் வீடு கட்ட முதலில் அனுமதி கேட்டவன் யாரென்று நினைக்கிறீர்கள்? டுவேன் ஹாகன்! ஒரு மீன்குடிலை விற்றான், ஒரு படகை நகர்த்தினான், கோடைக்குள் வீட்டை முடித்துவிட்டான். செயின்ட் பால் நகரத்திலிருந்து புதிதாய் வந்த போலீஸ்காரி மாய் வாங் தன் அம்மாவோடும் மகளோடும் அதில் குடிவந்தாள். அந்த அம்மா கொல்லையில் மிளகாய் போட்டாள். டுவேன் அதைத் தின்று கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே ஊரெல்லாம் புகழ்ந்தான். பங்க் கடை வாசலில் விடியற்காலையில் மாயின் வண்டி நிற்கிறது. வான்டா அவளுக்குக் காசு வாங்காமல் காபி கொடுக்கிறாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். ஆர்லிஸின் பாதையில் அந்த வருஷம் முதல் நிறுத்தமே டுவேன் வீட்டு வாசல். அவன் நடைபாதையில் காபிக் கோப்பையோடு நின்று ராஜா மாதிரி கையை ஆட்டினான்.

"பாத்தியா ஆர்லிஸ்? நான் அப்பவே சொல்லல, வீடு இருந்தா ஆள் வரும்னு?"

ஆர்லிஸ் அவனைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸில் பிள்ளை ஏறுகிறதே என்று விழுங்கினாள்.

ஏறியது மாயின் மகள், சின்னப் பெண். ஆறு வயசு இருக்கும். புதுப் பை, புது ஷூ, முன்பல் இல்லை. பஸ் முழுக்கக் காலி. அவள் பின்னால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டைத் தொட்டாள்.

"இங்க யாராவது உக்காருவாங்களா?"

ஆர்லிஸ் கண்ணாடியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவை மூடினாள்.

"இல்லம்மா. யாரும் வரல. நீ உக்காரு."